ஊதா பனியன் வருஷம்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் எங்கும் தட்டாது. காலை ஆறு மணிக்கு நீராவிக்குள் நுழைந்தால் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக் கறைக்கு வெந்நீர், எதற்கும் அசையாத கறைக்குக் கத்தரிக்கோல் என்பது அங்கே சட்டம். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் அழுக்கைப் பார்த்தவள். ஒரு துணியைக் கையில் எடுத்ததுமே அது எந்த வார்டிலிருந்து வருகிறது, அதில் படுத்தவருக்கு என்ன உபத்திரவம் என்று சொல்லிவிடுவாள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

அவள் புருஷனைப் பல்கலைக்கழகத்தில் கயிற்றுக்காரர் என்பார்கள். நிலத்தடி நீர்த் துறையில் தினக்கூலி. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் கிணறு பார்க்கக் கிளம்பினால், கயிறும் அளவு நாடாவும் புட்டிப் பெட்டியுமாகக் கூடப் போகிறவர் அவர்தான். நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி ஆழம் சொல்வார், புட்டியில் தண்ணீர் பிடிப்பார், கிணற்று எண்ணைச் சீட்டில் எழுதிப் புட்டியின் கழுத்தில் கட்டுவார், பெட்டியை வண்டியில் ஏற்றுவார். பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வருவார்கள். இப்படியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. கயிறு மூன்று முறை மாறியது, ஆள் மாறவில்லை.

அந்தக் கோடையில், மாதம் பிறந்த மூன்றாம் நாள், ஒரு சுற்றறிக்கை வந்தது. பதினைந்து வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மற்றவர்களுக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை இல்லை. கயிற்றுக்காரர் சந்தோஷமாகத்தான் நிர்வாக அலுவலகத்துக்குப் போனார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கடைசி ஆறு வருஷத்து வருகை கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு முந்தின பத்து வருஷத்துப் பதிவேடுகள் கிடங்கில் இருந்தன. கிடங்கில் ஒரு மழைக்காலத்தில் குழாய் வெடித்து, அத்தனையும் ஊறிக் கூழாகி, கூழை யாரோ வண்டியில் ஏற்றிக் கொட்டிவிட்டார்கள்.

அலுவலக மேலாளர் கெட்டவர் இல்லை. நல்லவர் கையில் விதி கிடைத்தால் அது இன்னும் கெட்டியாகிவிடும், அதுதான் சங்கடம். பல்கலைக்கழகமே அச்சிட்டதோ, பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி, அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒன்று, பத்து வருஷத்துக்குப் பத்து, இருபத்தெட்டாம் தேதிக்குள் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கயிற்றுக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷம் நான் இறைச்ச தண்ணிக்கு நானே சாட்சி தேடணுமாம். அந்தத் தண்ணியவே கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு.”

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. இடது முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்ளும். இந்த வேலை போனால் வேறு வேலை குதிரைக் கொம்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவர் சுவரைப் பார்த்தார், மற்றவள் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு தாள் இருந்தது. என்றைக்கோ ஒரு ஆராய்ச்சிக்காரப் பையன் கொண்டுவந்து கொடுத்த நகல். அவன் எழுதிய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழே, கடைசி வரிக்கு முந்தின வரியில் கயிற்றுக்காரரின் பெயர் இருந்தது. ஒருவன் எழுதியிருந்தால் மற்றவர்களும் எழுதியிருப்பார்கள் என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அவளுக்கு அந்த ஏட்டுச் சுரைக்காயே போதும், கறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். யுனிவர்சிட்டி லைப்ரரியில் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள், அப்பா பேரை அடித்தால் வந்துவிடும் என்று மகள் சொன்னாள். பிள்ளைகளுக்கு எதுவுமே ஒரு நொடி வேலைதான்.

மறுநாள் இரண்டரை மணிக்கு மடிப்பக்கா நூலகத்துக்குள் போனாள். எட்டு மணி நேரம் நீராவியில் வெந்துவிட்டு வந்தவளுக்கு அங்கிருந்த குளிர்பதனம் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. நுழைவில், மேசைக்குப் பின்னால், வெளியே தார் உருகும் வெயில் அடிக்க, சால்வை போர்த்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மாணவர் அட்டை கேட்டாள். இல்லை என்றதும் ஆசிரியர் அட்டை கேட்டாள். மடிப்பக்கா விஷயத்தைச் சொன்னாள், எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாமல் குழாய் வெடித்ததிலிருந்து தொடங்கினாள். சால்வைப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, ‘பணியாளர் குடும்பத்தார், ஒரு நாள் மட்டும்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த மூன்று வாரமும் தினம் அந்த ‘ஒரு நாள் மட்டும்’ சீட்டைத்தான் அவள் எழுதிக் கொடுத்தாள்.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, புருஷனின் பெயரைத் தேடல் கட்டத்தில் ஏற்றி முடிக்க மடிப்பக்காவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு முறை வெளுத்து, முடிவுகள் பூஜ்யம் என்று காட்டியது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தாள், அப்போதும் பூஜ்யம். எழுந்து மேசைக்குப் போய்ச் சொன்னாள்.

“பதினாறு வருஷம் வேலை பாத்த மனுஷன, அப்படி ஒருத்தரே இல்லைங்குது பாப்பா.”

“இருக்கறாரு இல்லைன்னெல்லாம் அதுக்குத் தெரியாதுக்கா,” என்றாள் சால்வைப் பெண். “அது அட்டைய மட்டும் படிச்ச ஆளு. எழுதினது யாரு, தலைப்பு என்ன, எந்த வருஷம், எந்தத் துறை, கூட இருந்து வழிகாட்டின வாத்தியார் யாரு, இவ்வளவுதான் சொல்லும். உள்ள யாருக்கு நன்றி சொல்லியிருக்குன்னு நாமதான் பிரிச்சுப் பாக்கணும்.”

இதை மடிப்பக்கா சட்டென்று பிடித்துக்கொண்டாள். சலவைக்கு வரும் மூட்டையின் சீட்டில் வார்டு இருக்கும், தேதி இருக்கும், உருப்படி எத்தனை என்று இருக்கும். எந்த விரிப்பில் யார் படுத்தார் என்று சீட்டுக்குத் தெரியாது. மூட்டையை அவிழ்த்தால்தான் தெரியும். அப்படியானால் பெயரைக் கேட்டுப் பயன் இல்லை, முதலில் மூட்டையைக் கேட்க வேண்டும்.

நேராகத் தொட முடியாத மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வித்தையைச் சால்வைப் பெண் அன்றைக்கே கற்றுக்கொடுத்தாள். வகை என்ற இடத்தில் ஆய்வேடு, துறை என்ற இடத்தில் நிலத்தடி நீர், வருஷம் என்ற இடத்தில் வருஷம். அடித்ததும் அந்த வருஷத்து ஆய்வேடுகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி. அந்தக் குறியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் உள்ளே அலமாரியிலிருந்து எடுத்து வருவார்கள். ஒரு தடவைக்கு மூன்றுதான், கொண்டுவர அரை மணி நேரமாகும், நான்கு மணிக்கு மேல் கேட்டால் மறுநாள்தான். வெளியே எடுத்துப் போகக் கூடாது. பக்கத்தை நகல் எடுக்கலாம், அதற்கு நூலக முத்திரை குத்தித் தருவார்கள்.

மூன்று மூன்றாக மூட்டை அவிழ்ந்தது. நன்றிப் பக்கங்களுக்கும் ஒரு வரிசைக்கிரமம் உண்டு என்று மடிப்பக்கா கண்டுகொண்டாள். முதலில் கடவுள், பிறகு வழிகாட்டி, அவரையடுத்துத் துறைத் தலைவர், அப்புறம் பெற்றோர், பொறுத்துக்கொண்ட மனைவி, அறைத் தோழர்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் கயிற்றுக்காரரும் தட்டச்சு செய்தவரும். மூன்று ஆய்வேடுகளில் தட்டச்சுக்காரருக்கு முன்னால் கயிற்றுக்காரர் வந்திருந்தார். அந்த மூன்று பேரையும் மடிப்பக்கா மனசுக்குள் வாழ்த்தினாள். ஒரு பெண் மட்டும் நாலு வரி எழுதியிருந்தாள். பாறையில் கால் பிசகி விழுந்த என்னை நான்கு கிலோமீட்டர் முதுகில் சுமந்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் இவர், இவர் இல்லாவிட்டால் இந்த ஏடு இல்லை என்று இருந்தது. அதை மடிப்பக்கா இன்னொரு தரம் படித்தாள். இந்த மனுஷன் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் டீயை ஆற்றிக் கொடுத்தபடி கேட்டதற்கு, அந்தப் பொண்ணு ஒண்ணும் கனமில்லை, புட்டிப் பெட்டிதான் கனம் என்று மட்டும் சொன்னார். ஆனால் சுவரைப் பார்த்துப் படுப்பது அன்றோடு நின்றது.

பதினைந்தாம் தேதி, அட்டையில் வெவ்வேறு வருஷம் போட்ட பத்து நகல்கள் சேர்ந்துவிட்டன. மடிப்பக்கா சலவைக் கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அவற்றைத் துணி மாதிரி அடுக்கி எடுத்துக்கொண்டு போய் மேலாளர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது தாளிலேயே நிறுத்திவிட்டார்.

புத்தகம் வந்த வருஷம் வேறு, வேலை நடந்த வருஷம் வேறு என்றார். ஒரு பையன் இரண்டு வருஷம் கிணறு கிணறாகச் சுற்றி, அப்புறம் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதி, அதை வாத்தியார் ஆறு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஏடு நூலகத்துக்கு வருகிறது. அட்டையில் இருப்பது கடைசி வருஷம். கயிற்றுக்காரர் கயிறு பிடித்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். துணி சலவைக்கு வந்த தேதியைப் பார்த்து அது அழுக்கான தேதியைச் சொல்ல முடியுமா என்று மடிப்பக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த விஷயத்திலேயே கோட்டை விட்டுவிட்ட ஆத்திரம் அவளுக்கு.

வேறு வழியில்லை. மறுபடி அந்த ஏடுகளையும், அவற்றுக்குப் பிந்தின வருஷத்து ஏடுகளையும் வரவழைத்து, களப்பணி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று சொல்லும் பக்கத்தைத் தேடி, அதையும் நகல் எடுத்தாள். சில ஏடுகள் இரண்டு வருஷத்துக்குக் கை கொடுத்தன. சில, ஏற்கெனவே கிடைத்த வருஷத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டன. இருபதாம் தேதி கணக்கு முடிந்தபோது ஒன்பது வருஷம் தேறியது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம் மட்டும் பொக்கைப் பல் மாதிரி காலியாக இருந்தது.

நாலாவது வருஷம் யாருடன் போனீர்கள் என்று வீட்டில் கேட்டாள். ஞாபகம் இல்லை என்றார். எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டாள். அதுவும் ஞாபகம் இல்லையாம். இருபது மைல் சுற்றளவில் எந்தக் கிணறு எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷனுக்கு ஒரு வருஷம் முழுக்க மறந்துபோயிற்றாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் விடவில்லை.

“அந்த வருஷத்த விட்டுடு,” என்றார் கடைசியில். “ஒம்போதுதான் கிடைச்சுதுன்னு எழுதிக் குடு. தந்தா தரட்டும், இல்லாட்டி போகட்டும்.”

“போகட்டும்னா எங்க போகட்டும்? நாளைக்கு உங்க முட்டிக்கு எவன் வேலை குடுப்பான்?”

அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்ற பயம் அவர் முதுகிலேயே தெரிந்தது. ஆனால் பூதம் எது என்று மடிப்பக்காவுக்கு விளங்கவில்லை.

அவர் சொல்லாவிட்டால் என்ன, அவர் துணி சொல்லுமே என்று அவளுக்கு மறுநாள் உருளை இயந்திரத்தில் விரிப்பைத் தேய்க்கக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. பதினாறு வருஷமும் அவர் துணியைத் துவைத்தவள் அவள். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அழுக்கு உண்டு. செம்மண் வருஷம் ஒன்று. சட்டை முதுகில் உப்புப் பூத்து, மடித்தால் அப்பளம் மாதிரி முறிந்த வருஷம் ஒன்று. எண்ணெய் நாற்றம் அடித்த வருஷம் ஒன்று. மகள் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்த வருஷம், அவருடைய பனியன்கள் எல்லாம் ஓரத்தில் ஊதாவாகி வந்தன. என்ன போட்டும் போகவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் நறுக்கிக் கரித்துணி ஆக்கினாள். மகள் ஆறாம் வகுப்பு என்றால் அது எந்த வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலாவது வருஷம்தான்.

அன்று நூலகத்தில் அவள் ஆளையும் கேட்கவில்லை, வருஷத்தையும் கேட்கவில்லை. பொருள் என்ற இடத்தில் சாயம் என்று அடித்தாள். நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. துணிக்குச் சாயம், முடிக்குச் சாயம், ஓவியச் சாயம். கூட்டத்தைக் குறைக்க, வழக்கம்போலத் துறையில் நிலத்தடி நீர் போட்டு, பக்கத்தில் கிணறு என்று சேர்த்து அடித்தாள். பூஜ்யம். சால்வைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, கிணறு என்று கேட்டால் கிணறு என்று எழுதியதை மட்டும்தான் அது எடுத்துத் தரும், கிணற்று நீர் என்று யாராவது எழுதியிருந்தால் முழிக்கும் என்றாள். அதற்குக் ‘கிண’ என்று மட்டும் அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டுமாம். மிச்சத்தை அதுவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அப்படி அடித்தும் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. சாயக் கழிவு, பட்டறை, நிறம் மாறிய நீர் என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் தீர்ந்தது. இருபத்துநான்காம் தேதி மூன்றரை மணிக்குச் சால்வைப் பெண் திரையின் ஓரத்தை விரலால் தட்டினாள்.

“அக்கா, துறைங்கற இடத்துல நிலத்தடி நீர்னு முதல் நாள் போட்டது அப்படியே இருக்கு பாருங்க. வேலிக்கு உள்ளயே தேடிட்டிருக்கோம். வேற துறைக்காரங்க யாராவது உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிருக்கலாம் இல்ல?”

வேலியை எடுத்தார்கள். மூன்று ஏடுகள் வந்தன. அதில் ஒன்று வேதியியல் துறை. சாயப் பட்டறைகளைச் சுற்றியுள்ள கிணற்று நீர் பற்றியது. அட்டையில் இருந்தது கயிற்றுக்காரர் கணக்கில் ஏழாவது வருஷம். மூன்றைக் கழித்தால் நாலு. நான்கு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மடிப்பக்கா குறியை எழுதிக் கொடுத்தாள்.

ஏடு வந்தது. நன்றிப் பக்கத்தைப் பிரித்தாள். கடவுள் இருந்தார், வழிகாட்டி இருந்தார், தட்டச்சுக்காரர்கூட இருந்தார். கயிற்றுக்காரர் இல்லை. மடிப்பக்கா ஏட்டை மூடப் போனாள். சால்வைப் பெண்தான் விடாமல் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். மூன்றாம் அத்தியாயத்தில், அறுபத்துமூன்றாம் பக்கத்தில், அவள் விரல் நின்றது. பெயர் இருந்தது. அதே பெயர்தான், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

அந்த வருஷத்துப் பத்தாம் மாதம் என்று தேதி போட்டுத் தொடங்கியிருந்தது. களப்பணியாளர் இன்னார் கட்டிய சீட்டுகளில் பதினொன்று மழையில் நனைந்து அழிந்தன. அவர் அதைச் சொல்லாமல், நினைவிலிருந்து மறுபடி எழுதிக் கட்டிவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆகவே அந்தப் பதினொரு புட்டிகளையும் விலக்கினேன். இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது.

பெயர் கிடைத்த சந்தோஷம் கால் நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆளை வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற அலுவலகத்திடம், ஆள் செய்த தப்பை அச்சில் கொண்டுபோய்க் கொடுப்பதா? இது வேண்டாம்க்கா, இன்னும் நாலு நாள் இருக்கிறது, வேறு தேடுவோம் என்று சால்வைப் பெண் மெதுவாகச் சொன்னாள். மடிப்பக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நின்று, நிதானமாக, உதடு அசையப் படித்தாள். பிறகு ஏட்டை மூடி, இதை நாளைக்கும் எனக்காக எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஒரு கனமான புத்தகம் தூக்க வேண்டும், எனக்குக் கை வலிக்கிறது என்று சொல்லித்தான் கயிற்றுக்காரரைக் கூட்டிப் போனாள். தூக்குகிற வேலை என்றால் அவர் மறுக்க மாட்டார். பதினாறு வருஷம் அந்த வளாகத்துக்குள் புழங்கியவர், நூலகத்துக்குள் காலை வைத்தது அன்றுதான். செருப்பை வாசலில் விடப் போனவரைச் சால்வைப் பெண் தடுத்து உள்ளே அனுப்பினாள். மேசையில் இருந்த ஏட்டின் அட்டையைப் படித்ததும் அவர் நாற்காலியை இழுக்காமலே அதன் நுனியில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ படிச்சிட்டியா?”

“படிச்சேன். நீங்க சொல்லுங்க.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு மத்தியானம் கொட்டித் தீர்த்த மழை. வண்டியின் கூரை ஒழுகி, புட்டிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பார்த்தால் பதினொரு சீட்டில் மை கரைந்து வெறும் நீலக் கறை. அந்தப் பையனுக்கு நல்ல காய்ச்சல், முன் இருக்கையில் சுருண்டு கிடந்தான். மறுபடி முப்பது மைல் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, துரத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஒவ்வொரு புட்டியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, இது இந்தக் கிணறு, இது அந்தக் கிணறு என்று எழுதிக் கட்டிவிட்டார்.

“பாதி சரியா இருக்குமோ என்னமோ. அந்தப் பையன் அதை வச்சுத்தான் பட்டம் வாங்கினான். அதுகூடப் பரவாயில்ல. எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கலாம், எது கூடாதுன்னு இதைப் பாத்துத்தானே ஊருக்குள்ள சொல்லியிருப்பாங்க? நான் மாத்திக் கட்டின சீட்ட நம்பி எவன் வீட்டுக் குழந்தையாவது அதைக் குடிச்சிருந்தா?” அவர் மேசை ஓரத்தை விரலால் தேய்த்தார். “பன்னெண்டு வருஷமா இதேதான். கிணத்துல நாடா இறக்கும்போதெல்லாம் இதேதான்.”

மடிப்பக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். துணியில் இருந்த ஊதாவை மட்டும் பார்த்தோமே என்று இருந்தது. அவள் ஏட்டைப் பிரித்து, அறுபத்துநான்காம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ‘அதே பதினொரு கிணறுகளுக்கும் நானே தனியாகச் சென்று புதிதாக நீர் எடுத்துச் சோதித்தேன். இந்த ஏட்டில் உள்ளவை அந்தப் புதிய அளவுகளே. விலக்கிய புட்டிகளோடு ஒப்பிட்டதில், களப்பணியாளர் நினைவிலிருந்து எழுதிய சீட்டுகளில் ஒன்பது சரியாக இருந்தன, இரண்டு மட்டும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன.’

இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“ஊருக்குப் போறேன்னு ஒரு வாரம் லீவு போட்டான்,” என்றார். “காய்ச்சல் விட்ட உடம்போட. இதுக்குத்தான் போனானா? திரும்பி வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எப்பவும் போலப் பெட்டிய எடுங்கண்ணேன்னான்.”

அப்புறம் அவர் அழுதார். சத்தம் வராமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. சால்வைப் பெண் எழுந்து வேறு அலமாரிப் பக்கம் போய்விட்டாள். மடிப்பக்கா அவர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எந்த ரெண்டு?”

“என்னது?”

“மாறினது எந்த ரெண்டுன்னு போட்டிருக்கா பாரு.”

பின்னிணைப்பில் இருந்தது. கட்டம் கட்டமாகப் போட்டிருந்த எண்களுக்குள் கயிற்றுக்காரர் குனிந்தார். நாலாம் எண்ணும் ஏழாம் எண்ணும். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ரெண்டும் ஒரே தோட்டத்துக் கிணறு, நடுவில் ஒரு வரப்புதான், தண்ணியும் ஒரே மாதிரி கத்தரிக்காய் நிறம், அதில் யாராயிருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள் என்று நூலகம் என்பதையும் மறந்து உரக்க வாதாடினார். நாலு மேசை தள்ளிப் படித்துக்கொண்டிருந்த மாணவன் திரும்பிப் பார்த்தான். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்பச் சொல்லுங்க,” என்றாள். “இந்தப் பக்கத்தக் குடுக்கலாமா, வேணாமா? ஆபீஸுக்காரங்க தப்பாத்தான் எடுத்துக்குவாங்கன்னு பாப்பா பயப்படுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேணாம்னா சொல்லிடுங்க, இன்னும் ரெண்டு நாள் தேடிப் பாக்கறேன்.”

கயிற்றுக்காரர் ஏட்டை மூடி, அட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். ரெண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்கச் சொல், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை, கடைசி நாளுக்கு முந்தின நாள், இருவரும் மேலாளர் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஒன்பது வருஷத்துத் தாள்களை அவர் சரிபார்த்து ஓரமாக வைத்தார். பிறகு அந்த இரண்டு பக்கங்களை எடுத்தார். தேதியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், நூலக முத்திரையைப் பார்த்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? மத்ததெல்லாம் உங்களப் பாராட்டி எழுதினது. இது நீங்க தப்பு பண்ணினீங்கன்னு எழுதின பேப்பர். உள்ள வச்சா ஃபைல்லயே நிக்கும். மேல யாராவது படிச்சுட்டுக் கேள்வி கேட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

மடிப்பக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். இரவெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

“வேலையில இல்லாதவன் எப்படி சார் தப்பு பண்ணுவான்?” என்றார் கயிற்றுக்காரர்.

மேலாளர் துளையிடும் கருவியை அருகே இழுத்தார். அந்த இரண்டு தாளையும் மூன்றாம் வருஷத்துக்கும் ஐந்தாம் வருஷத்துக்கும் நடுவே வைத்து, துளையிட்டு, நூலைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.